முற்றிய குடல் புற்றுநோயில் ஸ்கேன் அறிக்கையிலிருந்து ஆயுளை மதிப்பிடுவது எப்படி: மலையகக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

குடல் புற்றுநோய் ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்டது என்று தெரியவந்ததும் வீட்டார் கேட்கும் முதற் கேள்வி, "அப்பாவுக்கு இன்னும் எவ்வளவு காலம், டொக்டர்?" என்பதுதான். அதற்கு வைத்தியர் தம் மனதில் போடும் கணக்கின் பெரும்பகுதி சி.ரி. ஸ்கேன் படங்களிலிருந்தே பிறக்கிறது. ஆனால் நுவரெலியா, ஹட்டன், பதுளைப் பக்கத்துக் குடும்பங்களின் கைக்கு வந்து சேர்வது ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளும் ஒரு சீடியும் மட்டுமே. கிளினிக்கில் காத்திருக்கும் கூட்டத்தின் நடுவே கிடைக்கும் விளக்கம், பல வேளைகளில் வீட்டில் எவருக்கும் முழுதாக விளங்காத மொழியில் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அந்தத் தாளில் எதைத் தேட வேண்டும், எதை எதனோடு ஒப்பிட வேண்டும், அதை வைத்து வைத்தியரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை, நோயாளரோடு கிளினிக்கிற்குச் செல்லும் மகனுக்கோ மகளுக்கோ சொல்வதற்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எந்த ஸ்கேனும் ஒரு திகதியைச் சொல்லாது. ஒரே மாதிரியான படத்தைக் கொண்ட நூறு பேரில் எத்தனை பேர் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதுதான் மருத்துவத்திடம் உள்ள அறிவு. அதை "இடையம்" என்ற எண்ணாகச் சொல்வார்கள். அரைவாசிப் பேர் அந்தக் காலத்திற்கு முன்பும், மற்ற அரைவாசிப் பேர் அதற்குப் பின்பும் இறக்கிறார்கள் என்பதே அதன் பொருள். அண்மைக்காலச் சிகிச்சை ஆய்வுகளில், பரவிய குடல் புற்றுநோய்க்கு இரசாயன சிகிச்சையும் புதிய மருந்துகளும் சேர்த்துப் பெற்றவர்களின் இடைய ஆயுள் ஏறத்தாழ 30 மாதங்களை எட்டியிருக்கிறது. ஆனால் அத்தகைய ஆய்வுகளில் சேர்க்கப்படுவோர் பொதுவாக உடல் தெம்பு உள்ளவர்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

ஸ்கேன் எடுப்பதற்கு முன்

ஆயுளை மதிப்பிட உதவும் படம், கொன்ட்ராஸ்ட் எனப்படும் சாய மருந்தை நாளத்தில் ஏற்றி நெஞ்சு, வயிறு, இடுப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து எடுக்கும் சி.ரி. ஸ்கேன் ஆகும். சாயம் ஏற்றி ஏறத்தாழ 70 விநாடிகளில் அது ஈரல் வாயினாளம் வழியாக ஈரல் முழுவதும் பரவி நிற்கும். அந்தக் கணத்தில் எடுத்த படத்தில் நல்ல ஈரல் வெளிச்சமாகவும் குடலிலிருந்து வந்து தங்கிய கட்டிகள் இருண்டும் தெரியும். சாயம் இல்லாமல் எடுத்த படத்தில் அந்த வேறுபாடு மங்கிவிடுவதால் கட்டிகள் தவறிப்போகலாம். பக்கத்து வைத்தியசாலையில் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஈரலில் கட்டி இருப்பதைக் காட்டக்கூடும். எனினும் யார் பிடித்துப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்து அதன் அளவு மாறுவதால், காலப்போக்கில் ஒப்பிட்டுப் பார்க்க அது போதாது.

சாய மருந்து சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுவதால், இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு முன்கூட்டியே பார்க்கப்பட வேண்டும். சீனி வருத்தத்திற்கு மெட்ஃபோர்மின் குடிப்பவர் சிறுநீரகம் பலவீனமானவராக இருந்தால் அந்த மாத்திரையைச் சில நாட்கள் நிறுத்தச் சொல்வார்கள். இதைத் தாமாகச் செய்யாமல் ஸ்கேனுக்கு நாள் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். மேற்பிரிவுத் தோட்டமொன்றிலிருந்து கண்டிக்கு வருபவர் விடியுமுன்னரே பஸ் ஏற வேண்டியிருக்கும். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தால், இன்சுலினையும் சீனி மாத்திரையையும் அன்று காலை என்ன செய்வது என்று முதல் நாளே விசாரித்துத் தாளில் எழுதி வாங்குங்கள். முன்பு சாய மருந்தினால் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அதை ஸ்கேன் அறையில் உள்ளவர்களிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

முடிந்தவரை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுப்பதே நல்லது. வரிசை நீளம் என்பதால் ஒரு முறை அரச வைத்தியசாலையிலும் மறுமுறை தனியார் நிலையத்திலும் எடுக்க நேர்ந்தால், பழைய சீடியைக் கட்டாயம் கொண்டுபோய்க் கொடுங்கள். தாளை மட்டும் கொடுத்தால், புதிய படத்தைப் பார்க்கும் கதிரியக்க வைத்திய நிபுணர் எந்தக் கட்டியை முன்பு எந்தக் கோணத்தில் அளந்தார்கள் என்பதை ஊகிக்கவே முடியும். லயன் வீட்டின் ஈரத்தில் சீடிகள் பூஞ்சணம் பிடித்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு, கிளினிக் கொப்பியோடு சேர்த்து ஒரே பையில் வைப்பது நல்லது.

முதல் ஸ்கேனில் தேட வேண்டியவை

அறிக்கையின் கடைசியில் "இம்ப்ரஷன்" என்ற தலைப்பின் கீழ் சில வரிகள் இருக்கும். அங்கே, நோய் எந்த உறுப்புகளில் இருக்கிறது, எத்தனை கட்டிகள், மிகப் பெரியது எத்தனை மில்லிமீற்றர் என்ற மூன்று விவரங்களைத் தேடுங்கள்.

இவற்றுள் முதன்மையானது இடம்தான். பெருங்குடலின் இரத்தம் முதலில் ஈரலுக்கே போவதால், நோய் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தங்குகிறது. உலகெங்கும் பின்பற்றப்படும் நிலைப் பகுப்பின் எட்டாவது பதிப்பில், ஒரே உறுப்பில் பரவியது எம்1ஏ என்றும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்புகளில் பரவியது எம்1பி என்றும், வயிற்றறையின் உட்சவ்வாகிய பெரிட்டோனியத்தில் பரவியது எம்1சி என்றும் குறிக்கப்படுகின்றன. இந்த வரிசையில் கீழே போகப் போக எதிர்பார்க்கும் ஆயுளும் பொதுவாகக் குறைகிறது. பெரிட்டோனியத்தில் படியும் சிறு மணிகள், குறிப்பாக 5 மில்லிமீற்றருக்குக் குறைந்தவை, சி.ரி. படத்தில் எளிதில் தப்பிவிடும். ஆகவே அறிக்கை அவற்றைப் பற்றி எதுவும் சொல்லாதபோதும், வயிறு நீர் கோத்து வீங்குவதையும் அடிக்கடி வாந்தி வருவதையும் வைத்தியரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

நோய் ஈரலில் மட்டும் இருக்கிறது என்று அறிக்கை சொன்னால், இந்தக் கட்டுரையில் உள்ளவற்றுள் மிக முக்கியமான கேள்வியை அன்றே கேளுங்கள்: "இந்தப் படத்தை ஈரல் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் பார்த்தாரா, டொக்டர்?" ஈரலில் பரவிய கட்டிகளை முழுவதும் வெட்டி அகற்ற முடிந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேர் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள், பரவிய குடல் புற்றுநோய் உள்ள எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தொகை நூற்றுக்கு 15 அளவிலேயே நிற்கிறது. வெட்டலாமா இல்லையா என்பதைக் கட்டிகளின் எண்ணிக்கையை விட, வெட்டிய பின் எஞ்சும் ஈரலின் அளவே தீர்மானிக்கிறது. ஈரலின் இரு பக்கத்திலும் கட்டி இருக்கிறது என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு வீட்டார் கை விட்டுவிடக் கூடாது. இரசாயன சிகிச்சையினால் கட்டிகள் சுருங்கி, முதலில் வெட்ட முடியாதவை பின்னர் வெட்டக்கூடியவையாக மாறுவதும் உண்டு. ராகமையிலுள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலை போன்ற இடங்களில் ஈரல் சத்திரசிகிச்சை நடைபெறுகிறது. கண்டியிலோ பதுளையிலோ உங்களைப் பார்க்கும் வைத்தியர் படங்களை அவ்வாறான குழுவிற்கு அனுப்ப முடியும்.

ஈரலில் வெட்டியவர்களின் எதிர்காலத்தைக் கணிக்க 1999 இல் நியூயோர்க்கில், 1,001 நோயாளர்களின் விவரங்களை வைத்து ஐந்து புள்ளி அளவுகோல் ஒன்று உருவாக்கப்பட்டது. கட்டி ஒன்றுக்கு மேல் இருப்பது, மிகப் பெரியது 5 சென்ரிமீற்றரைத் தாண்டுவது, குடலில் இருந்த முதற் கட்டியின் அருகிலிருந்த நிணநீர்க் கணுக்களில் நோய் இருந்தது, முதற் கட்டிக்கும் ஈரல் பரவலுக்கும் இடையில் 12 மாதங்களுக்குக் குறைவான இடைவெளி, புற்றுநோய்க் கட்டி இரத்தத்தில் விடும் ஒரு பொருளை அளக்கும் சீ.ஈ.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை 200 ஐத் தாண்டுவது ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு புள்ளி பெறும். புள்ளி கூடக் கூட நோய் திரும்பும் வாய்ப்பும் கூடும். இவற்றில் முதலிரண்டும் ஸ்கேனிலிருந்தே நேரடியாகத் தெரிபவை. எனவே அந்த எண்களை வீட்டுக் கொப்பியில் நீங்களே குறித்து வைக்கலாம்.

இரண்டாவது ஸ்கேன்: ஒப்பிடும் முறை

முதல் ஸ்கேனை விட அதிகம் பேசுவது இரண்டாவது ஸ்கேன் என்பதே என் உறுதியான கருத்து. சிகிச்சை தொடங்கி இரண்டு, மூன்று மாதங்களில் எடுக்கும் அந்தப் படத்தை அளப்பதற்கு 2009 இல் வெளியான ரெசிஸ்ட் 1.1 என்ற விதிமுறை பரவலாகப் பயன்படுகிறது. அதன்படி ஓர் உறுப்பில் இரண்டுக்கு மேற்படாமல், மொத்தம் ஐந்து கட்டிகள் வரை தெரிவு செய்து, அவற்றின் நீளங்களைக் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை தொடக்கத்திலிருந்து 30 வீதம் குறைந்தால் "பார்ஷியல் ரெஸ்பொன்ஸ்" (ஓரளவு பலன்) என்றும், அதுவரை பதிவான மிகக் குறைந்த அளவிலிருந்து 20 வீதமும் குறைந்தது 5 மில்லிமீற்றரும் கூடினால் "புரோகிரஸிவ் டிசீஸ்" (முன்னேறிய நோய்) என்றும், இரண்டுக்கும் இடைப்பட்டால் "ஸ்டேபிள் டிசீஸ்" (மாறாமல் நிற்கும் நோய்) என்றும் எழுதுகிறார்கள். புதிய கட்டி ஒன்று ஐயமின்றித் தோன்றினால், பழையவை சுருங்கியிருந்தாலும் அது முன்னேறிய நோயாகவே கொள்ளப்படும்.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஈரலில் இரண்டு கட்டிகள், ஒன்று 42 மில்லிமீற்றர், மற்றது 30, கூட்டினால் 72. எட்டு வாரங்களின் பின் அவை 33, 24 ஆகின்றன, கூட்டினால் 57. குறைவு 15, அதாவது ஏறத்தாழ 21 வீதம். அறிக்கையில் இது "ஸ்டேபிள்" என்றே வரும். வீட்டார் மருந்து வேலை செய்யவில்லை என்று மனமுடைந்து போவார்கள். ஆனால் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் 20 வீதமோ அதற்கு மேலோ சுருங்கியவர்கள், அவ்வாறு சுருங்காதவர்களை விட நீண்ட காலம் வாழ்ந்ததாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே "ஸ்டேபிள்" என்ற சொல்லோடு நின்றுவிடாமல் எண்களைக் கூட்டிப் பாருங்கள். இந்த உதாரணத்தில் வந்த 21 வீதக் குறைவு நல்ல சேதி.

அடுத்த ஸ்கேனில் அவை 28, 20 ஆகின்றன, மொத்தம் 48. இப்போது குறைவு 33 வீதம், அறிக்கையும் "பார்ஷியல் ரெஸ்பொன்ஸ்" என்கிறது. அதற்கடுத்த ஸ்கேனில் மொத்தம் 60 ஆகிறது. தொடக்கத்திலிருந்த 72 ஐ விட இது குறைவுதானே என்று வீட்டார் ஆறுதலடைவார்கள்; வைத்தியரோ மருந்தை மாற்ற வேண்டும் என்பார். வைத்தியர் சொல்வதே சரி. மிகக் குறைந்த அளவு 48. அதிலிருந்து 12 மில்லிமீற்றர், அதாவது 25 வீதம் கூடியிருக்கிறது. மருந்துக்கு நோய் பழகிவிட்டது என்பதே அதன் பொருள். இந்த ஒரு கணக்கு விளங்காததால், "குறைந்துகொண்டு வந்த வருத்தத்திற்கு எதற்கு வேறு மருந்து?" என்று சொல்லிச் சிகிச்சையை இடையில் கைவிட்டவர்கள் உண்டு. அது மிகவும் வேதனையான இழப்பு.

ஆகவே வீட்டுக் கொப்பியில் ஸ்கேன் திகதி, ஒவ்வொரு கட்டியின் அளவு, கூட்டுத்தொகை, புதியது உண்டா இல்லையா, அன்றைய சீ.ஈ.ஏ. அளவு, அன்றைய உடல் நிறை ஆகியவற்றை ஒரே வரியில் எழுதி வாருங்கள். கிளினிக்கில் புதிதாக வந்த வைத்தியர் ஒருவர்கூட அந்தப் பக்கத்தைப் பார்த்து நிலைமையை உடனே புரிந்துகொள்வார்.

அளவு மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. பெவசிசுமாப் என்ற மருந்தோடு சிகிச்சை பெற்றவர்களின் ஈரல் கட்டிகள் அதிகம் சுருங்காமலே, ஓரம் தெளிவாகி உள்ளே ஒரே சீரான இருளாக மாறினால், அவர்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள் என்று 2009 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. மறுபுறம், கட்டி படத்திலிருந்து முற்றாக மறைந்தாலும் நோய் போய்விட்டது என்று பொருளல்ல. 2006 இல் பிரான்சில் செய்த ஆய்வில், சி.ரி. படத்தில் மறைந்துபோன 66 கட்டிகளில் 55 இன் இடத்தில் நோய் எஞ்சியிருந்தது அல்லது திரும்பி வந்தது. இரசாயன சிகிச்சையினால் ஈரலில் கொழுப்புப் படிந்தால், எஞ்சிய கட்டியும் சி.ரி. படத்தில் தெரியாமல் போகும். அத்தகைய வேளையில் ஈரலுக்கு எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேட்கலாம்.

படத்தில் இருக்கும், அறிக்கையில் வராத ஒன்று

வயிற்றுக்காக எடுத்த அதே சி.ரி. படத்தில், மூன்றாவது நாரி (கீழ் முதுகு) முள்ளந்தண்டு எலும்பின் மட்டத்தில் வெட்டிய ஒரு படம், அந்த மனிதரின் தசை அளவு முழுவதையும் மதிப்பிடப் போதுமானது. அந்த மட்டத்தில் தசையின் பரப்பை அளந்து உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் குறைவாக உள்ளவர்கள், கட்டிகளின் அளவு ஒன்றாக இருந்தாலும், குறைந்த காலமே வாழ்கிறார்கள். மருந்தின் பக்கவிளைவுகளும் அவர்களுக்குக் கூடுதலாக வருகின்றன. ஸ்கேனுக்கு ஸ்கேன் தசை குறைந்துகொண்டே போவதும் கெட்ட அறிகுறிதான். பரவலாகப் பயன்படும் எல்லை அளவுகள் சில கனடா நாட்டவரை வைத்து வகுக்கப்பட்டவை. சிறிய உடல்வாகும் வாழ்நாள் முழுவதும் மலையேறிக் கொழுந்து பறித்த உடலும் கொண்ட ஒரு தோட்டத்து அம்மாவுக்கு அவற்றை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அவருடைய முதல் ஸ்கேனையும் இப்போதைய ஸ்கேனையும் ஒப்பிடுவதில் அந்தத் தடை இல்லை. இந்த அளவு வழமையான அறிக்கைகளில் வருவதில்லை. எனினும் "முன்பை விடத் தசை குறைந்திருக்கிறதா?" என்று கேட்டால், படத்தைக் கணினியில் திறக்கும் வைத்தியர் கண்ணால் பார்த்தே சொல்லிவிடக்கூடும்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புற்றுநோய் என்றதும் முட்டை, மீன், இறைச்சி எல்லாவற்றையும் நிறுத்தி, நோயாளரைப் பத்தியத்தில் வைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும், மதியம் ரசமும் சோறும் என்று மாதக்கணக்கில் ஓடினால் தசை கரைந்து போகும். உணவு ஆயுளைக் கூட்டிவிடும் என்று வாக்குக் கொடுக்க எவராலும் முடியாது. ஆனால் மருந்தைத் தாங்குவதற்கும் நடமாடுவதற்கும் தசை வேண்டும். குடல் அடைப்பு இல்லாத ஒருவருக்கு முட்டை, பருப்பு, நெத்தலி, தயிர் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாளில் பல தடவை கொடுப்பதை எந்தப் பத்தியத்திற்காகவும் நிறுத்தக் கூடாது. நாளாந்தம் சிறிது தூரம் நடக்கவும் விட வேண்டும்.

கணினியைக் கொண்டு படத்தின் ஒவ்வொரு புள்ளியின் சாயலையும் எண்களாக மாற்றி ஆயுளைக் கணிக்கும் ரேடியோமிக்ஸ் என்ற துறை வேகமாக வளர்ந்து வருகிறது. எனினும் ஒரு வைத்தியசாலையின் இயந்திரத்தில் சரியாக வந்த கணக்கு, வேறோர் இயந்திரத்தின் படத்தில் தவறிவிடுகிறது என்பது அதன் பெரிய குறை. ஆகவே ஸ்கேன் படத்தைக் கைபேசியில் பிடித்து ஏதோ ஒரு செயலியில் போட்டு, அது சொல்லும் மாதக் கணக்கை நம்பாதீர்கள். அப்படிச் சொல்வதாகப் பணம் கேட்பவருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

வைத்தியரிடம் கேட்கும் முறை

ஸ்கேனோடு வேறு சிலவற்றையும் சேர்த்தே மதிப்பீடு முழுமை பெறும். நோயாளர் நாளின் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுகிறாரா, படுக்கையிலேயே இருக்கிறாரா என்பது மிகவும் கனமான ஒரு விவரம். முதற் கட்டி பெருங்குடலின் வலப்பக்கத்தில் இருந்தால் ஆயுள் சற்றுக் குறைவாகவே எதிர்பார்க்கப்படுகிறது. கட்டியிலுள்ள ராஸ், பிராஃப் என்ற மரபணுக்களின் நிலையும், கட்டியின் மரபணுப் பிழைகள் திருத்தப்படாமல் சேர்கின்றனவா என்று காட்டும் எம்.எஸ்.ஐ. என்ற பரிசோதனையும் கணக்கை மாற்றிவிடும். எம்.எஸ்.ஐ. கூடுதலாக உள்ள சிறு பகுதியினர் நோயெதிர்ப்புச் சிகிச்சையில் ஆண்டுக்கணக்கில் நன்றாக இருக்கிறார்கள். அந்தப் பரிசோதனைகள் செய்யப்பட்டனவா என்று கேளுங்கள்.

"எத்தனை மாதம்?" என்று ஒற்றை எண்ணைக் கேட்பதை விட, "நன்றாகப் போனால் எவ்வளவு, வழமையாகப் போனால் எவ்வளவு, மோசமாகப் போனால் எவ்வளவு, டொக்டர்?" என்று கேட்பது பயனுள்ள விடையைத் தரும். வைத்தியர் இடையம் 12 மாதங்கள் என்று சொன்னால், ஏறத்தாழ அரைவாசிப் பேர் 6 மாதங்களுக்கும் 24 மாதங்களுக்கும் இடையில் வருவார்கள் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் அதற்கு முன்னும் பின்னும் பரந்திருப்பார்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்தப் பொறுப்பைப் பள்ளிக்கூடப் பிள்ளையின் தலையில் போடாதீர்கள். தகப்பனின் ஆயுளைத் தகப்பனுக்கே மொழிபெயர்த்துச் சொல்லும் சுமை ஒரு பிள்ளைக்கு வரக் கூடாது.

நோயாளருக்கு எதையும் சொல்லக் கூடாது என்று வீட்டார் வைத்தியரைத் தனியே பிடித்துக் கேட்பது வழமை. அது பாசத்தினால் செய்வது என்பதை அறிவேன். ஆயினும் அவர் தாமே கேட்டால், அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஊழியர் சேமலாப நிதியில் யார் பெயர் இருக்கிறது, மகளின் கலியாணத்தை முற்படுத்துவதா, இந்தியாவிலுள்ள உறவினரைப் போய்ப் பார்ப்பதா என்பவை அவர் எடுக்க வேண்டிய முடிவுகள். எஞ்சியிருப்பது ஆண்டுகளா, மாதங்களா, வாரங்களா என்பது தெரியாமல் அவற்றை எடுக்க முடியாது.

முதல் மருந்து பயன்தராதபோது கொடுக்கும் இரண்டாம் வரிசை மருந்தும் பயன்தராமல், நோயாளர் பெரும்பாலும் படுக்கையிலேயே இருக்கும் நிலை வந்துவிட்டால், அடுத்த ஸ்கேனுக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த ஸ்கேனில் எது வந்தாலும் சிகிச்சை மாறுமா?" மாறாது என்றால், அவரை மலைப்பாதையில் கண்டி வரை கொண்டுபோக வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தில் வைத்தியரிடம் பெற வேண்டியவை வேறு: வலிக்கு மோர்ஃபின் எந்த வைத்தியசாலையில் தொடர்ந்து கிடைக்கும், மலச்சிக்கலுக்கு என்ன கொடுப்பது, வயிறு உப்பி வாந்தியும் வந்து மலமும் காற்றும் போகாமல் நின்றால் டிக்கோயாவுக்கா நுவரெலியாவுக்கா போவது என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். கடைசி ஸ்கேன் அறிக்கையும் கிளினிக் கொப்பியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். 1990 இலக்கத்திற்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸ் வரும்போது, லயனுக்கு எந்தப் பாதையால் வர வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த ஒருவரை முன்கூட்டியே வீட்டில் நியமித்து வையுங்கள்.